கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம்

1990ஆம் ஆண்டின் ஒரு நண்பகல். எனக்கு ஒன்பது வயது. வயிற்றுவலி என்று சொன்னதால் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாசற்கதவு திறந்திருந்தது. அடுக்களையில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மாவின் செருப்பு நடையில் கிடந்தது. கட்டிலின்மேல் அவளுடைய சேலையொன்று, கழன்று விழுந்ததைப்போலக் கிடந்தது. அம்மாவைக் காணோம். மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை.

வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்திருக்கும். எனக்கோ என்ன நடந்துவிட்டது என்பது அக்கணமே தெரிந்துவிட்டது. வருகை நிகழ்ந்துவிட்டது. எக்காளம் தொனித்திருக்கிறது, என் காதில்தான் விழவில்லை. அம்மா மத்திய வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டாள். நான் கைவிடப்பட்டேன்.

அதற்கு முந்திய வாரம்தான் ஊர்ப் பொட்டலில் நடந்த கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் துணியில் வரைந்த நீண்ட படமொன்றைத் தொங்கவிட்டு, பிரம்பால் சுட்டிக்காட்டி விளக்கியிருந்தார். ஆதாம் முதல் ஆயிரவருட அரசாட்சி வரை காலம் முழுவதும் வட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் அதில் இருந்தது. நாம் இருக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஓர் அம்பு மேல்நோக்கிப் போயிற்று. அதுதான் இரகசிய வருகை. விசுவாசிகள் இமைப்பொழுதில் மறைந்துபோவார்கள். உடுத்தியிருந்த துணி மட்டும் கீழே கிடக்கும். எஞ்சியவர்களுக்கு ஏழு ஆண்டு உபத்திரவம், அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, நெற்றியிலோ வலக்கையிலோ 666 என்ற முத்திரை. அது இல்லாதவனால் ஒரு படி அரிசிகூட வாங்க முடியாது.

நான் அழவில்லை, ஓடினேன். ஊரில் எவரேனும் எடுத்துக்கொள்ளப்படுவார் என்றால் அவர் உபதேசியாராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவர் வீட்டில் இருந்தால் வருகை நடக்கவில்லை. தெருக்கோடியில் திரும்பியபோதே அவர் குரல் கேட்டது. முருங்கைக் கன்றைத் தின்றுவிட்ட ஆட்டுக்காக அதன் சொந்தக்காரியிடம் உரத்து வாதாடிக்கொண்டிருந்தார். அவ்வளவு இனிமையான சண்டையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. திரும்பி வந்தபோது அம்மா இடுப்பில் குடத்தோடு வாசலில் நின்றாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். சோறு அடிப்பிடித்ததற்காக என்னைத்தான் வைதாள்.

இதை நான் வகுப்பில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரிப்பார்கள். எப்போதும் ஓரிருவர் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

*

எங்களுடையது திருநெல்வேலிச் சீமையில் நான்கைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயில், ஆண்டுக்கொருமுறை அசனப் பண்டிகை, கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி. இவற்றுக்கு மேல் மதம் எங்கள் வீட்டைத் தொந்தரவு செய்ததில்லை. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். பீடி குடிப்பார், செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார், அசனத்துக்குத் தவறாமல் போவார். அம்மாவோ எனக்கு நினைவு தெரியுமுன்பே வாரநாட்களில் வேறொரு சபையின் ஜெபக்கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். நகைகளைக் கழற்றினாள்; முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள்; வருகைக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். சாவதற்குமுன் வருகை நிகழும், தான் மரணத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை.

தமிழிலக்கியத்தில் முதுகலை படிக்கப் போனபிறகுதான் அம்மாவின் திணை எது என்பது எனக்கு விளங்கிற்று. இருத்தலும் இருத்தல் நிமித்தமும். அவள் முல்லைத் திணைக்காரி. கார்காலம் வந்துவிட்டதா என்று நாள்தோறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

வளர்ந்தபின் என் அச்சத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கிறிஸ்து மீண்டும் வருவார் என்பது எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. விசுவாச அறிக்கையிலேயே இருப்பது. ஆனால் அவ்வருகை இரு கட்டமாக நடக்கும், முதற்கட்டத்தில் விசுவாசிகள் மட்டும் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவர், ஏழாண்டு உபத்திரவத்துக்குப் பின்பே வெளிப்படையான வருகை என்ற ஒழுங்கு அவ்வளவு பழையதன்று. ஜான் நெல்சன் டார்பி (1800–1882) என்பவர் அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து விலகி, பிளிமத் சகோதரர் இயக்கத்தில் முதன்மை பெற்றவர். 1830களில் அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் வகுத்த முறை அது. கத்தோலிக்கரும் கிழக்கத்தியத் திருச்சபையினரும் லூத்தரன்களும் அதைப் போதிப்பதில்லை. டார்பி 1862 முதல் பலமுறை வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு விவிலியம் அம்முறையைப் பரப்பியது. அதன் உத்தி எளியது: விவிலிய வசனம் மேலே, விளக்கக் குறிப்பு அதே பக்கத்தின் கீழே. உரையையும் மூலத்தையும் ஒரே அட்டைக்குள் வைத்தால் நாளடைவில் வாசகன் இரண்டையும் பிரித்தறிய மாட்டான் என்பது, உரையாசிரியர்கள் வழியே பழம்பாடல்களைப் படித்துப் பழகிய நமக்குப் புதிய செய்தியன்று.

எங்கள் பகுதிக்கு அவ்வியக்கத்தின் காற்று மிக முன்பே வந்துவிட்டது. சகோதரர் இயக்கத்தின் தொடக்ககால மனிதர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல்மருத்துவர், பாக்தாத்தில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தபின் 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு நெருங்கிப் பழகியவர், ரேனியசிடம் பயின்ற தமிழரான ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1860இல் திருநெல்வேலியில் எழுந்த எழுப்புதலில் அருளப்பனின் பங்கு பெரிது. மலையடிவாரம் தாண்டித் திருவிதாங்கூரிலும் பின்னர் இத்தகைய எழுப்புதல் பரவியது. அங்கே பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறி ஆங்கிலிக்கன் குருவான ஜஸ்டஸ் ஜோசப் 1875இல், இன்னும் ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்தது, போயிற்று. அவரைப் பின்பற்றியவர்களுக்கு 'ஆறு வருஷக்காரர்' என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

நாள் குறித்தவர்களின் வரலாறு நெடியது. அமெரிக்க விவசாயியான வில்லியம் மில்லரின் கணிப்பைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்தார்கள். வயலில் விளைந்த கிழங்கைத் தோண்டாமல் விட்டவர்களும் அவர்களுள் உண்டு. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு சபை நாள் குறித்தது. அதன் தலைவர் லீ ஜாங் ரிம் அந்த நாளுக்கு முன்பே மோசடிக் குற்றச்சாட்டில் கைதானார். குறித்த நாளுக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களை அவர் வாங்கி வைத்திருந்தது அப்போது வெளிவந்தது. கலிபோர்னியாவில் வானொலி நடத்திய ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். அதுவும் பொய்த்தபின் 2012இல் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார். 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் தம் தரிசனத்தின்படி 23, 24 தேதிகள் என்று சொன்ன காணொளி உலகமெல்லாம் சுற்றியது. என் மாணவி ஒருத்தி அந்த வாரம் முழுவதும் உறங்கவில்லை என்று பின்னர்ச் சொன்னாள்.

அம்மா இவர்கள் எவரையும் பொருட்படுத்தியதில்லை. நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும். தேதி சொல்கிறவன் கள்ளன் என்பாள். தேதியில்லாத காத்திருப்பு தேதியுள்ளதைவிடக் கொடியது என்று அப்போது எனக்குத் தோன்றியது. தேதி பொய்த்தால் ஒருநாள் விடுதலையாவது கிடைக்கும். தேதியே இல்லாதபோது ஒவ்வொரு நாளும் கடைசி நாள்.

*

என்னை அச்சுறுத்தியது எக்காளமன்று, முத்திரையன்று, ஒரு சொல். மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தில் வயலில் இருவரும் எந்திரம் அரைக்கும் பெண்கள் இருவரும் வருகிறார்கள். இரு இடத்திலும் ஒருவரைப் பற்றி ஒரு வினை, மற்றவரைப் பற்றி இன்னொரு வினை. நாங்கள் வாசித்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதல்வினை 'ஏற்றுக்கொள்ளப்படுதல்', இரண்டாவது 'கைவிடப்படுதல்'.

கிரேக்கத்தில் அவ்வளவு கனம் இல்லை என்று பின்னர் அறிந்தேன். முதலாவது, உடன் அழைத்துச் செல்லப்படுதல். இரண்டாவது, விடப்படுதல், இருந்த இடத்தில் இருத்தல். அவ்வளவுதான். எவர் பாக்கியவான் என்பதை அவ்வினைகள் தாமாகச் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்புதான் நோவாவின் கதை நினைவூட்டப்படுகிறது. அக்கதையில் வெள்ளம் வாரிக்கொண்டு போனது அழிந்தவர்களை. எஞ்சி நின்றவர்கள் நோவாவின் வீட்டார். ஆகவே அப்பகுதியில் விடப்படுபவரே தப்பியவர் என்று கொள்ளும் உரைகாரர்களும் உண்டு. தமிழ் வாசகனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. நம் மொழியில் கைவிடுதல் என்பது சும்மா விட்டுச்செல்லுதல் அன்று. பிடித்திருந்த கையை உதறுதல். கணவன் மனைவியைக் கைவிடுவான். பிள்ளை பெற்றோரைக் கைவிடும். மருத்துவர் கைவிட்ட நோயாளி உண்டு. அச்சொல்லில் ஒரு துரோகம் இருக்கிறது. ஒன்பது வயதில் நான் பயந்தது உபத்திரவத்துக்கன்று. அம்மா என் கையை உதறிவிட்டுப் போகக்கூடும் என்பதற்கு. அவளால் முடியும் என்று நான் நம்பியதே அந்தப் போதனை எனக்குச் செய்த தீங்கு.

இதற்கு நேர்மாறாக, தமிழ் மொழிபெயர்ப்பு மூலத்தின் உள்ளத்தைத் தொட்ட இடமும் ஒன்று உண்டு. வருகையைப் போதிப்போர் எல்லோரும் ஆதாரமாகக் கொள்வது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம். மேகங்களில் எடுத்துக்கொண்டு போகப்படுவது பற்றி அங்கேதான் வருகிறது. ஆங்கிலத்தில் 'ராப்ச்சர்' என்ற சொல் அவ்வினையின் லத்தீன் வடிவத்திலிருந்து பிறந்தது. எதற்காகப் போவது? ஆண்டவரை 'எதிர்கொள்ள'. கிரேக்கத்தில் 'அபாந்தேசிஸ்'. ஊருக்கு வரும் பெரியவரை எல்லைவரை சென்று வரவேற்று ஊருக்குள் அழைத்து வருவதற்கு அக்காலத்தில் வழங்கிய சொல் இது என்று அறிஞர் பலர் கூறுவர். அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரத்தில், பவுல் வருகிறார் என்று கேட்ட ரோமாபுரிச் சகோதரர்கள் அப்பியுபுரம் வரையும் மூன்று சத்திரம் வரையும் வந்து அவரைச் சந்திக்கும் இடத்தில் இதே சொல் இருக்கிறது. அவர்கள் பவுலைச் சந்தித்தபின் அவரோடு வேறெங்கோ போய்விடவில்லை. அவரை அழைத்துக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். மணவாளனை எதிர்கொள்ளப் போகும் பத்துக் கன்னியர் கதையிலும் அப்படியே.

தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஊரெல்லையில் எதிர்கொண்டு அழைப்பவர்கள் நாம். எதிர்கொள்ளப் போகிறவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதில்லை. வீட்டில் விளக்கேற்றி, பந்தியைத் தயார் செய்துவிட்டுப் போகிறார். விருந்தாளியோடு திரும்பி வரப்போகிறவர் அவர். இந்த எளிய பொருள் நம் மொழியிலேயே இருந்தும், பிரம்பால் சுட்டிய அம்புக்குறி ஒரே திசையில்தான் போயிற்று. மேல்நோக்கி. திரும்பிவரும் அம்பை அவர் எங்களுக்குச் சுட்டிக்காட்டவேயில்லை.

*

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதுண்டு. சொன்னதில்லை. 2005 வாக்கில் நான் அவளுடைய சபைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். நிறுத்தியதற்குக் காரணமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சில வீடுகளில் கேட்காமலிருப்பதே மரியாதை.

அம்மா 2018இல் இறந்தாள். இரண்டு மாதம் படுக்கையில் இருந்தாள். கடைசி வாரத்தில் ஒருநாள், "இன்னும் வரலியே" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வாய் வறண்டு, தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு வருகையைப் பற்றி அவள் பேசவில்லை.

அடக்க ஆராதனையில் குருவானவர் தெசலோனிக்கேயர் நிருபத்தின் அதே பகுதியை வாசித்தார். அதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சவப்பெட்டிக்கு அருகில் நின்று கேட்டது அன்றுதான். அதன் தொடக்கம் அதுவரை என் காதில் விழுந்ததேயில்லை. பவுல் அதை உயிரோடிருப்பவர்களை அச்சுறுத்த எழுதவில்லை. கிறிஸ்து விரைவில் வருவார் என்று காத்திருந்த சபையில் சிலர் இறந்துபோயிருக்கிறார்கள். போனவர்கள் அந்த நாளை இழந்துவிட்டார்களோ என்று இருப்பவர்கள் கலங்குகிறார்கள். அவர்கள் எதையும் இழக்கவில்லை, அவர்கள்தாம் முதலில் எழுந்திருப்பார்கள் என்று சொல்லி, ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். ஏறத்தாழ கி.பி. 50இல் எழுதப்பட்ட, புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்துக்களுள் ஒன்றான அது ஓர் இரங்கற் கடிதம். கைவிடப்படுவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதலைப் பிடுங்கி, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும் கருவியாக்கியிருக்கிறார்கள் என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்குக் கடுங்கோபம் வந்தது. அம்மாவின்மேல் அன்று.

பதினாறு நாள் கழித்து அம்மாவின் தகரப்பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். பழைய வேதாகமத்துக்குள் இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டும் வருகைக்குப்பின் வாசிக்கப்பட வேண்டியவை.

முதற்கடிதத்தின் தேதி 1999 டிசம்பர். அப்பாவுக்கு எழுதியது. 'அத்தானுக்கு, நீங்கள் இதை வாசிக்கும்போது நானும் பாப்பாவும் இருக்கமாட்டோம். பயப்படவேண்டாம், தேடவேண்டாம்' என்று தொடங்குகிறது. ரேஷன் அட்டை எங்கே இருக்கிறது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, சீட்டுப் பணம் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதன்பின். கையிலும் நெற்றியிலும் எவன் எந்த எண்ணைப் போட வந்தாலும் உடன்படக் கூடாது. பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை. ஏழு வருஷத்துக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் குதிரில் மூன்று மூட்டை நெல் வைத்திருக்கிறேன். பீடியைக் குறைத்துக்கொள்ளவும்.

இரண்டாவது கடிதம் 2011 மே மாதத்தது. கலிபோர்னியாக்காரரின் தேதியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள். கள்ளன் என்று சொல்லிக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அதன் தொடக்கம் வேறு. 'அத்தானுக்கும் பாப்பாவுக்கும்' என்றிருந்தது.

அந்த இரண்டாவது பெயரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1999க்கும் 2011க்கும் இடையில் ஏதோ ஓர் இரவில் அம்மா என்னைக் கைவிடப்படுவோர் பட்டியலுக்கு மாற்றியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அந்தத் துக்கத்தைத் தனியே கொண்டாடியிருக்கிறாள். அந்தப் பட்டியலில் போட்டபிறகும் எனக்குப் புத்திமதி ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தவை இவை: அப்பாவின் சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவருக்குக் கோபம் வந்தால் பதில் பேசாதே, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவார், என் சேலைகளில் பச்சைக்கரை உனக்கு, பின்வாசல் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், இரவில் மறக்காமல் கட்டு.

எந்த நாளில் இமைப்பொழுதில் மறைந்துபோகப் போகிறோம் என்று உறுதியாக நம்பினாளோ, அந்த நாளின் இரவில் நாங்கள் பின்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிவிடுவோமோ என்று கவலைப்பட்டிருக்கிறாள். அவளுடைய கோட்பாட்டில் நாங்கள் கைவிடப்பட்டவர்கள். அவள் கையோ எங்களை விடவில்லை. கோட்பாட்டுக்கும் கைக்கும் நடுவில் இருபது ஆண்டுகளாக அவள் எப்படி உறங்கினாள் என்பதை இனி நான் கேட்க முடியாது. கேட்காமலிருப்பதே மரியாதை என்று முன்பு சொன்னேன். அது மரியாதை அன்று, கோழைத்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

கடிதங்களை அப்பாவிடம் காட்டத் தயங்கினேன். காட்டாமலிருக்கவும் முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இது புதுசால்ல இருக்கு" என்றார் இரண்டாவதைக் காட்டி. "பழசை நான் எப்பவோ பாத்துட்டேன். பால் கணக்குல தப்பாப் போட்டிருந்தா. சொல்ல முடியுமா?"

முதற்கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பால் பாக்கித் தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய ஒரு திருத்தம் இருந்தது. ஆசிரியர் கையெழுத்து.

அப்பா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். பீடியை விட்டு ஏழாண்டு ஆகிறது. போன மாதம் போயிருந்தபோது, ஆசாரியை வரச்சொல்லிப் பின்வாசலுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிடலாமா என்று கேட்டேன். செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல், "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார். அன்றிரவு நான்தான் கயிற்றைக் கட்டினேன்.